குறுக்கே வந்த கை

"எண்ணூறு மீட்டர், மகளிர் இறுதிச் சுற்று. முதலாவதாக வந்த நாற்பத்திரண்டாம் எண், சக வீராங்கனையைப் பிடித்து இழுத்ததற்காகத் தகுதி நீக்கம் செய்யப்படுகிறார். கீழே விழுந்த ஐந்தாம் எண்ணுக்குப் பயிற்சி முகாமில் இடம் வழங்கப்படுகிறது."

ஒலிபெருக்கி இதை இரண்டு முறை சொன்னது. முதல் முறை கேட்டு நம்பாதவர்களுக்காக இரண்டாவது முறை.

ஓடுபாதையின் கடைசி வளைவுக்கு உட்புறம், புல்தரையில் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்திருந்த ஒற்றைக்கால், கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள்.

ஒற்றைக்கால் என்பது மைதானத்துக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர். குழந்தையின் கனம் இருக்கும் லென்ஸை ஒரே ஒரு கால் உள்ள கம்பியில் ஊன்றிப் படம் எடுப்பாள். அதனால் வந்த பெயர். அவளோடு ஒருமுறையாவது சண்டை போட்டவர்கள், வேறு காரணமும் உண்டு என்பார்கள்.

நாற்பத்திரண்டாம் எண் அவளுடைய தங்கை. பம்பரம்.

ஐந்தாம் எண், தடகளச் சங்கத் தலைவரின் மகள்.

மணி நான்கு பத்து. அறிவிப்பு வந்த முப்பது நிமிடத்துக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்க வேண்டும். நான்கு நாற்பத்தொன்றுக்குக் கடவுளே வந்து கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. முகாமுக்குப் போவது இரண்டே பேர். போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் பம்பரம் மூன்றாவதாக வந்தாள். இந்த வருடம் முதலாவதாக வந்து, இழுத்தவள் என்ற பெயரோடு வீட்டுக்குப் போகப் போகிறாள்.

'படம் இருக்கு. வளைவு முழுக்க என்கிட்ட இருக்கு.'

ஒற்றைக்கால் கேமராவின் பின்திரையைக் கையால் நிழல் கட்டிப் பார்த்தாள். கடைசி ஓட்டத்தில் இருபத்து நான்கு படங்கள். முதல் ஏழில் பம்பரத்தின் முகம் கத்தி மாதிரி இருந்தது. புருவத்து வியர்வை வரை எண்ணலாம்.

எட்டாவதில் முகம் கரைந்திருந்தது. ஒன்பதாவதிலும். பத்து, பதினொன்று, பன்னிரண்டு... இருபத்து நான்கு வரைக்கும் தங்கை, கண்ணாடியில் மழை பட்டதுபோல் வெறும் கலங்கல்.



அவள் மெனுவைத் திறந்தாள். அந்த வரி அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

ஓடுகிறவர்களைப் படம் எடுக்கத் தொடர் ஃபோகஸ் வேண்டும். ஆள் நகர நகர, கேமராவும் விடாமல் ஃபோகஸை நகர்த்திக்கொண்டே போகும். அதற்குள்ளே இன்னொரு அளவு உண்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை. நீங்கள் பிடித்திருக்கும் ஆளுக்குக் குறுக்கே வேறு யாராவது வந்தால் கேமரா என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த எண் சொல்லும். ஐந்தில் வைத்தால் யார் வந்தாலும் பழைய ஆளையே பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒன்றில் வைத்தால் முன்னால் வந்தவர்மேல் அந்த நொடியே தாவிவிடும். ஒற்றைக்காலின் அகராதியில் ஐந்துக்குப் பெயர் உடும்பு. ஒன்றுக்குக் குரங்கு.

காலையில் தடை ஓட்டம். எட்டுப் பேர் நேருக்கு நேர் வருவார்கள், யார் முந்துகிறார்களோ அவரைப் பிடிக்க வேண்டும். அதற்குக் குரங்குதான் சரி. மதியம் எண்ணூறு மீட்டருக்கு முன்பு உடும்புக்கு மாற்ற வேண்டும். பதினோரு வருடமாக ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி, பொத்தான் பொத்தானாகச் சரிபார்ப்பவள் அவள்.

இன்று அந்தப் பத்து நிமிடம், பம்பரத்தின் எண் அட்டையைக் குத்தப் போய்விட்டாள். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, "நேரா நில்லுடி, குத்திடப் போறேன்" என்று தங்கையின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள். புகைப்படக்காரி அக்காவாகப் போனாள். கேமரா குரங்காகவே இருந்துவிட்டது.

குறுக்கே வந்த எவள்மேலோ ஃபோகஸ் தாவியிருக்கிறது.

மணி நான்கு பதினான்கு.

பத்திரிகையாளர் அறையில் சீஃப் உட்கார்ந்திருந்தார். சங்கத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். ஒற்றைக்கால் மைதானத்துக்குள் நுழைவதே அவர் கொடுத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டுதான். அவருடைய மேசையில், அச்சு இன்னும் காயாத ஒரு பெரிய படம்.

அதில் பம்பரத்தின் இடது கை நீண்டு, தலைவர் மகளின் இடுப்புக்குப் பின்னால் மறைந்திருந்தது. தலைவர் மகள் சாய்ந்துகொண்டிருந்தாள். பார்க்கிற யாரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்.

"ஒரே கிளிக்," என்றார் சீஃப். "வளைவு முடியிற கோட்டுல ஃபோகஸைப் போட்டுப் பூட்டிட்டேன். அந்தக் கோட்டுக்கு அவங்க வந்தாங்க, நான் அழுத்தினேன். உன்ன மாதிரி விடாம அழுத்தித் தையல் மெஷின் ஓட்டுறதில்ல."

"சார், நீங்க வெளிப்பக்கம் நின்னீங்க. விழுந்தவ உடம்பே மறைக்குது. கை எங்க போய் முடியுதுன்னு இதுல தெரியவே இல்லையே?"

"நடுவர் குழுவுக்குத் தெரிஞ்சுது. அது போதும்மா."

"நடுவருக்குத் தெரிஞ்சுதா, தலைவருக்குத் தெரிஞ்சுதா?"

சீஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் துடைப்பார். "இதோ பாரு. நான் பார்த்ததைத்தான் எடுத்தேன். முப்பது வருஷமா அதத்தான் செய்யறேன். யாரும் சொல்லி எடுக்கல."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் ஒற்றைக்காலுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

கதவு தடாலென்று திறந்தது. பம்பரம். முள் ஷூவைக் கழற்றாமலே வந்திருந்தாள். தரையெல்லாம் டக் டக்கென்று சத்தம். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"அக்கா! நான் இழுக்கல. அவதான் என் மணிக்கட்டைப் பிடிச்சா. நான் உதறினேன், அவ விழுந்தா. நீ அங்கதானே இருந்தே? காட்டு!"

"இரு..."

"என்ன இரு? படம் இருக்கா இல்லையா?"

"எட்டாவதுலேர்ந்து உன் முகம் ஒண்ணுலயும் ஷார்ப்பா இல்லடி."

"என் முகத்தை யாரு கேட்டா? அத நான் தினமும் கண்ணாடியில பாக்கறேன். கையக் காட்டுக்கா!"

ஒற்றைக்கால் அப்படியே நின்றாள். இந்த நான்கு நிமிடமும் அவள் பார்த்ததெல்லாம் முகத்தை. கலங்கிப்போன முகத்தை மட்டும். ஃபோகஸ் தாவியது தெரியும், தாவிய இடத்தை அவள் பார்க்கவே இல்லை. எங்கே?

எட்டாவது படத்தைத் திறந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால், அந்தப் படத்துக்குக் கேமரா எந்த இடத்தில் ஃபோகஸ் பிடித்தது என்று ஒரு சிவப்புக் கட்டம் காட்டும். அழுத்தினாள்.

கட்டம் தலைவர் மகளின் கைமேல் இருந்தது.

பெரிதாக்கினாள். இன்னும். இன்னும்.

பம்பரத்தின் இடது மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. அந்தப் பட்டையின்மேல் நான்கு விரல்கள். கட்டைவிரலில் வெள்ளைப் பிளாஸ்திரி. துணியின் நெசவு தெரிந்தது. விரல் நகம் பட்டைக்குள் அழுந்திய பள்ளம் தெரிந்தது. அதற்கு முன்னால் பம்பரத்தின் உள்ளங்கை, ஐந்து விரலும் விரிந்து, காலியாக.

திறந்திருக்கும் கை யாரையும் பிடித்திருக்காது.

"பாத்தியா!" பம்பரம் குதித்தாள். முள் ஷூ தரையைக் கீறியது.

சீஃபும் எட்டிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"கார்டைக் கொடு."

"எதுக்கு சார்?"

"என் அங்கியைப் போட்டுக்கிட்டு எடுத்த படம் என் படம். எது குழுவுக்குப் போகணும், எது போகக் கூடாதுன்னு நான் முடிவு பண்ணுவேன். ஏற்கெனவே ஒரு படம் போயாச்சு. சீஃப் ஒண்ணு கொடுத்தாரு, அவரோட ஆளே வேற ஒண்ணு கொடுத்தான்னா நாளைக்கு என்னை எவன் நம்புவான்?"

"அப்போ இவளை எவன் நம்புவான்?"

"அது உன் வீட்டுப் பிரச்சனை."

ஒற்றைக்கால் பச்சை அங்கியின் கொக்கியைக் கழற்றினாள். தலைவழியாக உருவினாள். நான்காக மடித்து, அச்சு காயாத அந்தப் படத்தின்மேல் வைத்தாள்.

"அங்கி உங்களுது. வச்சுக்கோங்க. கேமரா என்னுது, கார்டு என்னுது, தங்கச்சி என்னுது. நீ வாடி."

"அங்கி இல்லாம இந்த மைதானத்துல உன்னால ஒரு எறும்பைக்கூட எடுக்க முடியாது!" முதுகுக்குப் பின்னால் சீஃபின் குரல் உயர்ந்தது.

"எறும்புக்கெல்லாம் வேற லென்ஸ் சார்!"

நான்கு இருபத்திரண்டு.

மேல்முறையீட்டுக் குழுவின் அறை முதல் மாடியில் இருந்தது. வாசலில் காவலாளி. மீசையும் விசிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

"பாஸ்?"

"காலையில நீங்கதானே எனக்கு கேட்டைத் திறந்து விட்டீங்க?"

"அப்போ பச்சை அங்கி இருந்துச்சு. இப்போ இல்ல. எனக்கு உங்க மூஞ்சி தெரியாதும்மா, அங்கிதான் தெரியும்."

"அண்ணே, நான் ஓடினவ," என்றாள் பம்பரம், நெஞ்சிலிருந்த எண் அட்டையைத் தட்டி. "ஆட்சேபணை எழுதிக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கு. கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகலாம்னு விதியில இருக்கு. இவ என் ஆளு."

காவலாளி யோசித்தார். அவர் யோசிப்பதற்கே மூன்று நிமிடம் போனது. "ஒரே ஒரு ஆளுதான்," என்று கடைசியில் விலகினார்.

நீளமான அறை. நீளமான மேசை. பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைமை நடுவரம்மா ஒரு காலத்தில் உயரம் தாண்டியவர். உட்கார்ந்திருக்கும்போதும் மற்ற இருவரைவிட ஒரு தலை உயரமாக இருந்தார். பம்பரம் நின்றுகொண்டே ஆட்சேபணையை எழுதிக் கொடுத்தாள். அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். நான்கு இருபத்தொன்பது.

ஒற்றைக்கால் கேமராவை அவர் முன்னால் வைத்தாள். மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அதற்குள் சீஃப் மேலே வந்துவிட்டார். அவரை யாரும் பாஸ் கேட்கவில்லை.

"மேடம், ஒரு விஷயம்," என்றார், மூச்சு வாங்க. "படம் எடுத்தது அந்தப் பொண்ணோட கூடப் பொறந்த அக்கா. அக்கா எடுத்த படத்தை வச்சுத் தங்கச்சிக்குத் தீர்ப்பு சொன்னா ஊரே சிரிக்கும்."

நடுவரம்மா ஒற்றைக்காலை நிமிர்ந்து பார்த்தார். "அவர் கேக்கறது நியாயம்தானே? தங்கைக்குச் சாதகமா எது இருக்கோ அதத் தேடிப் பிடிச்சு ஃபோகஸ் பண்ணியிருக்கீங்க. பாதகமா இருந்ததை அழிச்சிருக்கலாம்."

"அழிக்கல மேடம். நம்பரைப் பாருங்க. மூவாயிரத்து நூத்துப் பதினெட்டுலேர்ந்து நாப்பத்தொண்ணு வரைக்கும், நடுவுல ஒண்ணுகூட விடுபடல."

"சரி. ஃபோகஸ்? ஒரு நொடியில பாதி நேரம் நடந்த விஷயம். நீங்க சரியா அந்தக் கைமேல வச்சிருக்கீங்க. எப்படி? கை வரும்னு முன்னாடியே தெரியுமா?"



பதில் ஒற்றைக்காலுக்குத் தெரியும். அந்தப் பதிலைச் சொன்னால், நாளையிலிருந்து இந்தத் தொழிலில் ஒவ்வொருத்தனும் அவளைப் பார்த்துச் சிரிப்பான். கத்துக்குட்டி செய்கிற தப்பு. முதல் மாதத்தில் செய்து, இரண்டாவது மாதத்தில் மறந்துவிட வேண்டிய தப்பு.

அவள் நிமிர்ந்தாள்.

"நான் வைக்கல மேடம். நான் எடுத்தது என் தங்கச்சி மூஞ்சியை. அவ ஜெயிக்கிற மூஞ்சி எனக்கு வேணும்னு ரெண்டு வருஷமா காத்திருக்கேன். முதல் ஏழு படத்துல கட்டம் எங்க இருக்கு, பாருங்க. அவ கண்ணுல. எட்டாவதுல கை குறுக்கே வந்துச்சு, கேமரா அதும்மேல தாவிடுச்சு. ஏன்னா காலையில தாவுற மாதிரி வச்ச செட்டிங்கை மாத்தாம மறந்துட்டேன். என் தப்பு."

சீஃப் வாய்விட்டுச் சிரித்தார். "கேட்டீங்களா? பதினோரு வருஷ அனுபவம்! தாவுற செட்டிங்குல வச்சுட்டு எண்ணூறு மீட்டர் எடுக்க வந்திருக்கா!"

"ஆமா, வந்திருக்கேன்!" ஒற்றைக்கால் அவர் பக்கம் திரும்பினாள். "நல்லா சிரிங்க சார். ஊரெல்லாம் சொல்லிச் சிரிங்க. ஆனா இதுக்குப் பதில் சொல்லிட்டுச் சிரிங்க. தங்கச்சிக்காகப் படம் எடுக்கற அக்கா, தங்கச்சியை மட்டும் பதினேழு படத்துல கலங்கலா எடுப்பாளா? இதுல என் விருப்பம் எங்க இருக்கு? என் விருப்பம் அந்த மூஞ்சி. அது போச்சு. மிஞ்சினது, நான் பார்க்காதது, நான் கேக்காதது, இந்த மெஷின் தானா எடுத்தது. இதுக்கு அக்கா தங்கச்சி கிடையாது சார்."

நடுவரம்மா விரலால் மேசையைத் தட்டினார். "மறந்துட்டேன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். நிரூபிக்க முடியுமா?"

"முடியும். செட்டிங் இன்னும் அப்படியேதான் இருக்கு. தொடல."

பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்து மாட்டினாள். "பம்பரம், அந்தச் சுவர்கிட்டப் போய் நில்லு. நின்ன இடத்துலயே ஓடு." பம்பரம் ஓடினாள். திரையில், ஃபோகஸ் பிடிக்கும் இடத்தைக் காட்டும் பச்சைக் கட்டம் அவள் கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. "இப்போ யாராவது குறுக்கே நடக்கணும். சார், நீங்க வர்றீங்களா? குறுக்கே நிக்கறது உங்களுக்குப் பழக்கம்தானே?"

சீஃப் அசையவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"நானே நடக்கறேன்," என்று எழுந்தார் நடுவரம்மா.

நெடுநெடுவென்று இரண்டே எட்டு. மற்ற இரு நடுவர்களும் திரைமேல் குனிந்திருந்தார்கள். பச்சைக் கட்டம் பம்பரத்தை அந்த நொடியே கைவிட்டது. நடுவரம்மாவின் காதுத் தோட்டின்மேல் போய்க் குந்தியது. பின்னால் பம்பரம் கலங்கலானாள்.

"இப்போ அஞ்சுல வைக்கறேன். திரும்ப நடங்க மேடம்."

நடந்தார். இந்த முறை நடுவரம்மா ஒரு நிழலாகத் திரையைக் கடந்து போனார். கட்டம் அசையவில்லை. அவருக்குப் பின்னாலிருந்து பம்பரத்தின் கண், முன்பு இருந்ததுபோலவே, துல்லியமாக வெளியே வந்தது.

"இதுல வச்சிருந்தா அந்தக் கை எனக்கு இப்படித்தான் நிழலா விழுந்திருக்கும் மேடம். இந்த ஆட்சேபணையே இருந்திருக்காது."

நடுவரம்மா உட்கார்ந்தார். எட்டாவது படத்தை மறுபடி பெரிதாக்கினார். பிளாஸ்திரியைப் பார்த்தார். காலியான உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சீஃபின் படத்தைப் பக்கத்தில் வைத்து, இடுப்புக்குப் பின்னால் காணாமல் போன அந்தக் கையை விரலால் தொட்டார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்ல," என்றார் சீஃபிடம். "ஆனா பாதிதான் இருக்கு."

நான்கு ஐம்பத்தைந்துக்கு ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. நாற்பத்திரண்டாம் எண்ணின் தகுதி நீக்கம் ரத்து. முதலிடம் உறுதி. ஐந்தாம் எண் தகுதி நீக்கம். இதையும் இரண்டு முறை சொன்னது. ஆனால் கேட்பதற்குப் பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போயிருந்தது.

படிக்கட்டில் சீஃப் வழி மறித்தார்.

"ஜெயிச்சுட்டே. சந்தோஷம். இனிமே இந்த கேட்டுக்குள்ள உனக்கு அங்கி கிடையாது. நான் இருக்கற வரைக்கும்."

"டிக்கெட் எடுத்து வருவேன் சார்."

"பார்வையாளர் பக்கத்துலேர்ந்து கம்பி வேலிதான் தெரியும்."

"வேலிக்குள்ள ஓட்டை இருக்கும். ஓட்டை வழியா எடுப்பேன். வேலி குறுக்கே இருந்தாலும் பிடிச்ச ஆளை விடாத மாதிரி எப்படி வைக்கணும்னு எனக்குத் தெரியும். இன்னிக்கு மறந்தேன். இனிமே மறக்க மாட்டேன்."

அவர் ஒதுங்கிக்கொண்டார்.

கீழே மைதானம் காலி. தடைக்கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்து ஓடுபாதை செம்பு நிறத்தில் கிடந்தது. பம்பரம் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"அக்கா, நான் ஜெயிச்ச படம் ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல."

"உன்னை நம்பி ஓடினேன் பாரு."

"உன் எண் அட்டையைக் குத்த வந்தேன் பாரு. அதனால வந்த வினை."

"அட்டை கோணலாத்தான் குத்தியிருக்கே, பாத்தியா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பம்பரம் குனிந்து முள் ஷூவின் நாடாவை இறுக்கினாள்.

"கடைசி வளைவு மட்டும். திரும்ப ஓடறேன்."

"மைதானம் மூடியாச்சுடி. எனக்கு அங்கியும் இல்ல."

"அதனால என்ன?"

ஒற்றைக்கால் ஒரு நொடி யோசித்தாள். பிறகு பெரிய லென்ஸை மாட்டினாள். கம்பியைப் புல்லில் ஊன்றினாள். முட்டி போட்டாள். மெனுவைத் திறந்து, அந்த வரிக்குப் போய், ஐந்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். மூடிவிட்டு, மறுபடி திறந்து பார்த்தாள்.

பம்பரம் வளைவின் அந்த முனையிலிருந்து கிளம்பினாள். போட்டியில் ஓடியதைவிட வேகமாக ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

விசில் அலறியது.

"யாரும்மா அது! மூடியாச்சு! அங்கி இல்லாம உள்ள யாரு விட்டா?"

காவலாளி. மீசை முன்னே, உடம்பு பின்னே. புல்தரையைத் தாண்டி நேராகக் கேமராவை நோக்கி ஓடி வந்தார். பம்பரத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, குறுக்கே.

ஒற்றைக்கால் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

காக்கிச் சட்டை ஒன்று பெரிய கலங்கலாகச் சட்டத்தை அடைத்தது. கடந்தது.

கட்டம் தங்கையின் கண்ணிலேயே இருந்தது.